நோவு தெரியாமல் கெடும் சிறுநீரகம்



பல்லில் சின்ன ஓட்டை விழுந்தால் இரவெல்லாம் தூக்கம் கெடுகிறது. காலில் முள் தைத்தால் ஒரு நாள் வேலை போகிறது. ஆனால், நம் உடம்பில் இரண்டு உறுப்புகள் பாதிக்கு மேல் பழுதாகிப் போனாலும் நமக்கு ஒரு நோவும் தெரிவதில்லை. அவைதாம் சிறுநீரகங்கள்.

மாலையில் பாதம் சற்று வீங்கும். "நாள் முழுக்க நின்று வேலை செய்கிற கால், வீங்கத்தானே செய்யும்" என்று விட்டுவிடுவோம். சிறுநீரில் நுரை தங்கும். "சூடு" என்போம். படியேறினால் மூச்சு வாங்கும். "வயதாகிவிட்டது" என்போம். கடைசியில் ஒரு நாள் வாந்தியும் மயக்கமுமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போதுதான், "சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை, டயாலிசிஸ் தொடங்கவேண்டும்" என்று மருத்துவர் சொல்லக் கேட்டு வீடே இடிந்துபோகிறது. கிள்ளானிலும் காப்பாரிலும் பந்திங்கிலும் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும் இந்தக் கதையைச் சொல்லாத தெரு இல்லை.

இது வெறும் பேச்சல்ல, கணக்கு இருக்கிறது. 2011-ல் தீபகற்ப மலேசியாவில் பெரியவர்களிடம் இரத்தமும் சிறுநீரும் எடுத்துச் சோதித்த ஆய்வில் 100 பேரில் 9 பேருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. 2018-ல் மீண்டும் சோதித்தபோது அது 15 பேரைத் தாண்டிவிட்டது. அதாவது ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். அதைவிட அதிர்ச்சி தரும் செய்தி ஒன்றுண்டு. நோய் இருப்பவர்களில் தமக்கு அது இருப்பதை அறிந்திருந்தவர்கள் 2011-ல் 100-க்கு 4 பேர். 2018-ல் 5 பேர். மற்ற அனைவரும் ஒன்றும் அறியாமல் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

இந்த நோய் எதனால் வருகிறது, வந்தால் உடம்பில் வேறு எவற்றைக் கெடுக்கிறது, எப்படித் தடுக்கலாம் என்பதை இருநூறு ஆண்டுகளாக மருத்துவ ஆராய்ச்சி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வந்திருக்கிறது. அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

சிறுநீரகம் செய்யும் வேலை

முதுகெலும்பின் இருபுறமும், கடைசி விலா எலும்புகளை ஒட்டி, அவரை விதை வடிவத்தில், மூடிய கை அளவில் அமைந்தவை சிறுநீரகங்கள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. பால் ஸ்டோரில் ரப்பர்ப் பாலைச் சல்லடையில் ஊற்றிக் குப்பையைப் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படித்தான் இவை இரத்தத்தை வடிகட்டுகின்றன. ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர் வடிகிறது. அதில் வேண்டியதையெல்லாம் உடம்பு திரும்ப எடுத்துக்கொண்டு, கழிவோடு ஒன்றரை லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகிறது.

கழிவை நீக்குவது மட்டுமே இதன் வேலையன்று. இரத்த அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கவும், இரத்தம் ஊறவும், எலும்பு உறுதியாக இருக்கவும் தேவையான சுரப்புகளை உண்டாக்குவதும் சிறுநீரகமே. ஆகவே அது கெட்டால் இவை எல்லாம் சேர்ந்து கெடுகின்றன.

ஒரு கரண்டியும் ஒரு மெழுகுவத்தியும்

லண்டன் மாநகரில் கய்ஸ் மருத்துவமனை என்று ஒன்று உண்டு. அங்கே பணிபுரிந்த மருத்துவர் ரிச்சர்ட் பிரைட், உடல் வீங்கி வந்த நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டினார். சிலருடைய சிறுநீர் முட்டை வெள்ளைபோல் திரிந்தது. அவர்கள் இறந்தபின் உடலைத் திறந்து பார்த்தபோது அவர்களுடைய சிறுநீரகங்கள் சுருங்கியும் தழும்பேறியும் இருந்தன. உடல் வீக்கம், சிறுநீரில் புரதம், கெட்ட சிறுநீரகம் ஆகிய மூன்றும் ஒரே நோயின் மூன்று முகங்கள் என்று அவர் 1827-ல் எழுதி வெளியிட்டார். நெடுங்காலம் இந்நோய் 'பிரைட் நோய்' என்றே அழைக்கப்பட்டது.

முட்டை வெள்ளைபோல் திரிந்த அந்தப் பொருள் 'அல்புமின்' என்னும் புரதம். சல்லடை நல்ல நிலையில் இருந்தால் அது இரத்தத்திலேயே தங்கிவிடும். சல்லடைக் கண் கிழிந்தால் சிறுநீரில் ஒழுகும். இன்று கிளினிக்கில் உங்களிடம் சின்னக் குப்பியைக் கொடுத்துச் சிறுநீர் கேட்கிறார்களே, அதுவும் இதைத் தேடித்தான். மெழுகுவத்திக்குப் பதில் இப்போது ஒரு தாள் பட்டை. அவ்வளவே மாற்றம். இந்தச் சோதனை நோயைப் பல ஆண்டுகளுக்கு முன்னதாகவே காட்டிக்கொடுக்கும்.

அந்நாளில் தோட்டத்தில்

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் சிறுநீரகத்தைக் கெடுத்தவை பெரும்பாலும் தொற்று நோய்கள். மலேரியா திரும்பத் திரும்பத் தாக்கி, கொயினாவையும் ஒழுங்கில்லாமல் விழுங்கியவர்களில் சிலருக்குச் சிறுநீர் கருத்துப் போகும். அது கருநீர்க் காய்ச்சல். சிதைந்த இரத்தம் சிறுநீரகத்தை அடைத்துச் சில நாளில் உயிரைக் கொண்டுபோய்விடும். 1901-ல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களை வடிய வைத்து, காடு வெட்டி, கொசுவை அடக்கிக் காட்டினார். கிள்ளானிலும் அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாமிலும் தொடங்கிய அந்த வேலை பின்னர் தோட்டங்களுக்கும் பரவியது. மலேரியா குறைந்தது, அதோடு கருநீர்க் காய்ச்சலும் மறைந்தது.

இன்னொன்று எலிக் காய்ச்சல். கென்சிங் தீக்குஸ் என்று இன்று எல்லாரும் சொல்கிறோமே, அதுதான். 1900-ல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய வில்லியம் பிளெட்சர், 1920-களில் மலாயாவில் இந்த நோய் இருப்பதை ஆராய்ந்து எழுதினார். எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் காலில் உள்ள புண் வழியாக உடம்பில் நுழைகின்றன. காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவற்றில் தொடங்கி, மஞ்சள் காமாலையும் சிறுநீர் அடைப்பும் வரலாம். இது பழங்கதையல்ல. செம்பனைத் தோட்டத்தில் எலிக்கு இன்றும் பஞ்சமில்லை. 2010 முதல் இந்நோயை மருத்துவர்கள் அரசாங்கத்துக்குக் கட்டாயம் அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் பெரும்பாலோர் முழுமையாகத் தேறிவிடுவர். ஆகவே தோட்டத்தில் வேலை செய்பவருக்குக் காய்ச்சல் கண்டால், "நான் தோட்டத்தில் வேலை செய்கிறேன்" என்று மருத்துவரிடம் சொல்லத் தவறக்கூடாது. பூட்ஸ் இல்லாமல் தேங்கிய நீரில் இறங்கவும் கூடாது.

முதலிடத்தில் இனிப்பு நீர்

இன்றோ நிலைமை தலைகீழ். மலேசியாவில் டயாலிசிஸ், சிறுநீரக மாற்று ஆகிய சிகிச்சைகளைப் பெறுவோரைப் பற்றிய தேசியப் பதிவேடு 1992-ல் தொடங்கப்பட்டது. இன்று நாட்டில் டயாலிசிஸ் செய்துகொள்வோர் 50,000 பேருக்கு மேல். புதிதாகச் சேர்வோரில் பாதிக்கு மேற்பட்டவர்களின் சிறுநீரகத்தைக் கெடுத்தது இனிப்பு நீர் நோய் என்று அந்தப் பதிவேடு ஆண்டுதோறும் காட்டுகிறது.

2019-ல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முன்னிலையில் இருந்தனர். மூவரில் ஒருவர் என்னும் அளவுக்கு. இந்த ஆய்வுகளை நடத்தும் பொதுச் சுகாதாரக் கழகம் வெகு தூரத்தில் இல்லை. கிள்ளானுக்கு அடுத்த செத்தியா ஆலாமில்தான் இருக்கிறது.

இனிப்பு நீர் சிறுநீரகத்தை எப்படிக் கெடுக்கிறது? 1936-ல் அமெரிக்காவில் கிம்மல்ஸ்டீல், வில்சன் என்ற இரு மருத்துவர்கள், இனிப்பு நீரால் இறந்தவர்களின் சிறுநீரகங்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது வடிகட்டிகளுக்குள் சின்னச் சின்ன முடிச்சுகள் திரண்டிருந்ததைக் கண்டனர். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் வடிகட்டிகள் அளவுக்கு மீறி உழைக்கின்றன. அவற்றின் சுவர் தடிக்கிறது. சல்லடைக் கண் பழுதாகிப் புரதம் ஒழுகுகிறது. பிறகு ஒவ்வொன்றாக அடைபட்டுத் தழும்பாகிவிடுகின்றன. இதற்குப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகலாம். அத்தனை காலமும் நமக்குக் கையில் அவகாசம் இருக்கிறது என்பதுதான் இதிலுள்ள நல்ல செய்தி.

சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் சிறுநீரகம் உண்மையிலேயே பிழைக்குமா? இந்தக் கேள்விக்கு 1993-ல் அமெரிக்கா, கனடா ஆய்வும், 1998-ல் பிரிட்டனில் 5,000-க்கு மேற்பட்டோரிடம் பல ஆண்டுகள் நடந்த ஆய்வும் விடை சொல்லின. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண், சிறுநீரகம், நரம்புக் கோளாறுகள் கணிசமாகக் குறைந்தன. பிரிட்டன் ஆய்வில், இரத்த அழுத்தத்தையும் சேர்த்துக் கட்டுப்படுத்தியவர்களுக்கு இன்னும் நன்மை கிடைத்தது.

நம் சாப்பாட்டை எண்ணிப் பாருங்கள். அந்நாளில் பெரட்டுக்குப் போய், மைல் கணக்கில் நடந்து, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து உழைத்த உடம்புக்குக் குன்று போல் சோறு தேவைப்பட்டது. பிள்ளைகள் பட்டணத்துக்கு வந்து, லாரி ஓட்டுகிறார்கள். காவல் வேலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் இரவு முறை பார்க்கிறார்கள். உழைப்பின் வகை மாறிவிட்டது. தட்டில் உள்ள சோறு மாறவில்லை. அதோடு கெட்டிப் பால் ஊற்றிய தே தாரேக், இனிப்பு மைலோ, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனால் ஒரு பெட்டி பலகாரம் எனச் சேர்ந்துகொண்டே போகின்றன.

இரத்த அழுத்தமும் பாம்பு விஷமும்

சிறுநீரகத்தைக் கெடுப்பதில் அடுத்த இடம் உயர் இரத்த அழுத்தத்துக்கு. அழுத்தம் மிகுந்தால் வடிகட்டிகள் நைந்துபோகின்றன; வடிகட்டிகள் நைந்தால் அழுத்தம் இன்னும் ஏறுகிறது. ஒன்றை ஒன்று தூண்டிவிடும் இந்தச் சுழலை நிறுத்திய மருந்து ஒரு பாம்பிலிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா?

பிரேசில் நாட்டில் 'ஜராராக்கா' என்னும் விரியன் உண்டு. அது கடித்தால் இரத்த அழுத்தம் திடீரென்று விழுந்துவிடும். 1960-களில் அந்நாட்டு ஆராய்ச்சியாளர் செர்ஜியோ ஃபெரெய்ரா அந்த விஷத்தை ஆராய்ந்து கண்ட உண்மையைக் கொண்டு, 1970-களில் 'காப்டோபிரில்' மாத்திரை உருவாக்கப்பட்டது. 1993-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், இனிப்பு நீரால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு இம்மாத்திரையைச் சாப்பிட்டவர்களில், மரணமோ டயாலிசிஸோ மாற்றுச் சிறுநீரகமோ நேர்ந்தது மற்றவர்களைவிடப் பாதியாகக் குறைந்திருந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த பெரிண்டோபிரில், எனாலாபிரில், அதற்கு ஒன்றுவிட்ட உறவான லோசார்டன் முதலியவற்றை இன்று நம் அரசாங்கக் கிளினிக்குகளிலேயே கொடுக்கிறார்கள்.

இவற்றில் சில மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலை உண்டாக்கும். பலர் அதனால் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு யாரிடமும் சொல்வதில்லை. அப்படிச் செய்யாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரை மாற்றித் தருவார்.

உப்பையும் இங்கே சொல்லவேண்டும். 2017-18-ல் நடந்த ஆய்வின்படி மலேசியர் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 7.9 கிராம் உப்பு உண்கிறார். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 5 கிராம். அதாவது ஒரு தேக்கரண்டி. கருவாடு, ஊறுகாய், அப்பளம், கிச்சாப், மாகிப் பொட்டலம் ஆகியவற்றில் ஒளிந்திருப்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

வலி மாத்திரையும் மூலிகை வேரும்

1953-ல் சுவிட்சர்லாந்து மருத்துவர் இருவர் ஒரு புதிய சிறுநீரக நோயைப் பற்றி எழுதினார்கள். கடிகாரத் தொழிற்சாலைகள் நிறைந்த வட்டாரங்களில் அது மிகுந்திருந்தது. நுணுக்கமான வேலையால் தலைவலி வந்த தொழிலாளர்கள், 'பினாசிட்டின்' கலந்த வலி மருந்தை நாள்தோறும் தின்றதே காரணம் என்று பின்னர் தெளிந்தது. ஆஸ்திரேலியாவிலும் வலிப் பொடிக்குப் பழகிய எத்தனையோ இல்லத்தரசிகளின் சிறுநீரகம் போயிற்று. அம்மருந்து விலக்கப்பட்ட பிறகு அந்த நோயும் அருகியது.

பினாசிட்டின் போய்விட்டது, வலி மாத்திரைப் பழக்கம் போகவில்லை. இடுப்பு வலி, முட்டி வலிக்கு நாம் வாங்கி விழுங்கும் டைக்ளோஃபினாக், மெஃபெனமிக் அமிலம், இப்யூபுரோஃபென் முதலிய மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கின்றன. என்றாவது ஒரு நாள் எடுப்பது வேறு; மாதக்கணக்கில் எடுப்பது வேறு. இனிப்பு நீரோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடவே கூடாது. பாசார் மாலாமில் "மூன்று நாளில் மூட்டு வலி போகும்" என்று விற்கும் பெயர் தெரியாத உருண்டைகளில் இத்தகைய மருந்துகளையும் ஸ்டீராய்டையும் மறைத்துக் கலந்திருப்பதைச் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மூலிகையென்றால் கெடுதலே இல்லை என்று எண்ணுவோரும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிய மூலிகை மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கு மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. அதில் கலந்திருந்தது 'அரிஸ்டோலோக்கியா' வகைச் செடி. அந்த இனத்தைச் சேர்ந்தவைதாம் நம் வைத்தியத்தில் வழங்கும் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும். அவற்றிலுள்ள ஒருவகை அமிலம் சிறுநீரகத்தைச் சுருங்கச் செய்வதோடு சிறுநீர்ப் பாதையில் புற்றையும் உண்டாக்கும். எல்லா மூலிகையும் நஞ்சு என்று சொல்ல வரவில்லை. இரசமும் கீழாநெல்லியும் வேறு. பெயர் தெரியாத வேரை மண்டலக் கணக்கில் தின்பது வேறு.

வெயிலில் உழைப்போர் கவனிக்க

இனிப்பு நீரும் இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை. ஆனாலும் முப்பது, நாற்பது வயதில் சிறுநீரகம் கெட்டுச் சாகும் உழைப்பாளிகள் உலகின் சில பகுதிகளில் இருக்கிறார்கள். மத்திய அமெரிக்காவில் எல் சல்வடோர், நிக்கராகுவா நாடுகளில் கரும்பு வெட்டுவோர். இலங்கையில் அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து நெல் விவசாயிகள். ஆந்திராவில் உத்தானம் வட்டாரத்துத் தோட்டக்காரர்கள். இலங்கையில் இது 1990-களிலிருந்து பேசப்படுகிறது. பூச்சி மருந்தா, கிணற்று நீரா, கடும் வெப்பமா என்று ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் விவாதம் ஓயவில்லை.

ஆயினும் மத்திய அமெரிக்க ஆய்வுகள் ஒன்றை அழுத்திச் சொல்கின்றன. கொளுத்தும் வெயிலில் ஓய்வின்றி வியர்த்து, போதிய தண்ணீர் குடிக்காமல் நாள்தோறும் உழைப்பது சிறுநீரகத்தைச் சிறிது சிறிதாகக் காயப்படுத்துகிறது. தண்ணீர், நிழல், ஓய்வு ஆகிய மூன்றையும் முறையாகக் கொடுத்த நிக்கராகுவா கரும்பாலை ஒன்றில் இந்தப் பாதிப்பு குறைந்தது. குலை அறுக்கவும் மருந்தடிக்கவும் போவோர் இதை மனத்தில் கொள்ளவேண்டும். தண்ணீர்ப் புட்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அடிக்கடி குடியுங்கள். சிறுநீர் தேத்தண்ணீர் நிறத்தில் போனால் உடம்பு நீர் கேட்கிறது என்று பொருள். வேலை முடிந்ததும் இனிப்புப் பானம் குடித்தால் தாகம் தீரலாம், சர்க்கரை ஏறும்.

களைக்கொல்லியையும் மறந்துவிடக் கூடாது. சிறுநீரகத்தையும் நுரையீரலையும் சேர்த்து அழிக்கும் 'பாராகுவாட்' 2020 ஜனவரி முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய கலன் வீட்டில் கிடந்தால் யார் கைக்கும் எட்டவிடாதீர்கள். வேறு புட்டியில் ஊற்றி வைக்கவே கூடாது.

சிறுநீரகம் கெட்டால் வேறு என்ன கெடும்?

சிறுநீரக நோயாளி சிறுநீரகத்தால் மட்டும் சாவதில்லை; பெரும்பாலும் இதயத்தால் சாகிறார். கலிபோர்னியாவில் 11 இலட்சம் பேரின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து 2004-ல் வெளியிட்ட ஆய்வு, சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறையக் குறைய மாரடைப்பும் மரணமும் ஏறிக்கொண்டே போவதைக் காட்டியது. இரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படிந்து இறுகுவது இதற்கு ஒரு காரணம்.

இரத்தம் ஊறச் செய்யும் சுரப்பு குறைவதால் சோகை வருகிறது. இரும்பு மாத்திரையும் முருங்கைக் கீரையும் மட்டும் இதற்குப் போதா. அந்தச் சுரப்பையே மருந்தாகச் செய்து ஊசியில் ஏற்றும் முறை 1980-களின் இறுதியில் வந்தது. எலும்பு தேய்கிறது. உடம்பில் நீர் தங்கி நுரையீரலில் சேர்ந்தால், படுத்தால் மூச்சு முட்டும். உட்கார்ந்தே தூங்க நேரிடும். பொட்டாசியம் என்னும் உப்பு ஏறினால் இதயம் திடீரென நின்றுவிடவும் கூடும்.

நம் நாட்டில் மலிவாகக் கிடைக்கும் நட்சத்திரப் பழத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. பெலிம்பிங் என்று வாங்கிச் சாப்பிடுகிறோமே, அது நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்குப் பொதுவாக ஒன்றும் செய்யாது. சிறுநீரக நோயாளிக்கோ விடாத விக்கல், குழப்பம், வலிப்பு, மரணம்வரை கொண்டுபோகும். அதிலுள்ள நரம்பு நஞ்சைப் பிரேசில் ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் பிரித்தறிந்தனர். டயாலிசிஸ் செய்பவர்களைப் பார்க்கப் போகும்போது இந்தப் பழத்தை வாங்கிப் போகாதீர்கள்.

இயந்திரமும் மாற்றுச் சிறுநீரகமும்

இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மானியர் பிடியிலிருந்த ஹாலந்தில் வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர், மரச் சட்டங்களால் செய்த உருளையில், இறைச்சிக் குழல் செய்யப் பயன்படும் செலோஃபேன் தாளைச் சுற்றி, 1943-ல் செயற்கைச் சிறுநீரகம் ஒன்றை அமைத்தார். தொடக்கத்தில் சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய எவரும் பிழைக்கவில்லை. அவர் கைவிடவில்லை. 1945-ல் 67 வயது மூதாட்டி ஒருவர் மயக்கம் தெளிந்து எழுந்தார். 1960-ல் அமெரிக்காவின் சியாட்டலில் ஸ்கிரிப்னர் என்பவர், கையில் நிலையாகப் பொருத்தும் குழாயைக் கண்டுபிடித்த பிறகுதான் ஒருவர் ஆண்டுக்கணக்கில் டயாலிசிஸ் செய்து வாழ முடிந்தது.

மலேசியாவில் தேசியச் சிறுநீரக அறவாரியம் 1969-ல் அமைந்தது. இன்று பெட்டாலிங் ஜெயாவைத் தலைமையிடமாகக் கொண்டு பல இடங்களில் டயாலிசிஸ் நிலையங்களை நடத்துகிறது. நாட்டின் முதல் சிறுநீரக மாற்று அறுவை 1975 டிசம்பரில் கோலாலம்பூர் மருத்துவமனையில் நடந்தது. இத்தனை ஆண்டுகள் கடந்தும், கொடுப்பவர் இல்லாத காரணத்தால் மாற்றுச் சிறுநீரகம் பெறுவோர் மிகச் சிலரே. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரம்தான். வேலை, போக்குவரத்து, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்த மூன்று நாளைச் சுற்றியே ஓடவேண்டியதாகிறது.

ஆப்பிள் மரம் தந்த மருந்து

கடைசியாக ஒரு நல்ல செய்தி. 1835-ல் ஐரோப்பிய வேதியியலார் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து 'ஃபுளோரிசின்' என்னும் கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதை உண்டால் சிறுநீரில் சர்க்கரை போகிறது என்பது பின்னர் தெரிந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் சும்மா கிடந்த இந்த உண்மையைக் கொண்டு, மிகுதிச் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் புது மருந்துகளைச் செய்தார்கள். எம்பாகிளிஃப்ளோசினும் டாபாகிளிஃப்ளோசினும் அவ்வகையைச் சேர்ந்தவை.

சர்க்கரைக்காக வந்த மருந்து சிறுநீரகத்தையும் காப்பாற்றுவதை ஆய்வுகள் ஒவ்வொன்றாகக் காட்டின. அவற்றுள் ஒன்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. எம்பாகிளிஃப்ளோசினைக் கொண்டு எட்டு நாடுகளில் 6,609 சிறுநீரக நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் மலேசிய நோயாளிகளும் மருத்துவர்களும் கலந்துகொண்டனர். 2022-ன் இறுதியில் முடிவு வெளியாயிற்று. மருந்து சாப்பிட்டவர்களுக்கு நோய் முற்றுவதோ இதய நோயால் இறப்பதோ 28 விழுக்காடு குறைந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இனிப்பு நீர் இல்லாதவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. எல்லாருக்கும் இது பொருந்தாது. சாப்பிட முடியாமல் வாந்தி, பேதி உள்ள நாட்களில் நிறுத்திவைக்கவும் வேண்டியிருக்கும். ஆகவே மருத்துவரே தீர்மானிக்கவேண்டும். ஆனால் "எனக்கு இந்த மருந்து ஏற்குமா, டாக்டர்?" என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

பலரும் கேட்கும் கேள்விகள்

மருந்து சாப்பிட்டுத்தானே கிட்னி கெடுகிறது?
இல்லை. இனிப்பு நீர், இரத்த அழுத்தம் ஆகியவற்றின் மருந்துகளை நிறுத்தினால்தான் சிறுநீரகம் கெடும் ஆபத்து மிகுகிறது. மருந்து சாப்பிடும்போதே கெட்டதாகத் தோன்றுவதற்குக் காரணம், நோய் முன்பே உள்ளே வேலை செய்துகொண்டிருந்ததுதான்.

நிறையத் தண்ணீர் குடித்தால் கெட்ட சிறுநீரகம் சரியாகுமா?
ஆகாது. வெயிலில் உழைப்பவருக்கும் கல் அடைப்பு வந்தவருக்கும் தண்ணீர் நல்லது. நோய் முற்றி உடல் வீங்கியவருக்கு அதே தண்ணீர் ஆபத்து. அவரவர் அளவை மருத்துவர் சொல்வார்.

டயாலிசிஸ் தொடங்கினால் வாழ்க்கை முடிந்ததா?
அல்லவே அல்ல. இருபது ஆண்டுக்கு மேல் டயாலிசிஸ் செய்துகொண்டு பேரப்பிள்ளை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பயந்து தள்ளிப்போட்டு, மூச்சு முட்டிய பிறகு வருவதே ஆபத்து.

செலவுக்கு என்ன செய்வது?
சொக்சோ சந்தா கட்டியவர்களில் தகுதி உள்ளோருக்கு அந்நிறுவனம் டயாலிசிஸ் செலவை ஏற்கிறது. அரசாங்க மருத்துவமனைகளும் அறநிறுவனங்களும் உதவுகின்றன. மருத்துவமனையின் சமூகநல அதிகாரியைப் பார்த்துக் கேளுங்கள். பழைய சம்பளச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள்.

நீங்கள் செய்யவேண்டியது

உங்கள் வீட்டில் இனிப்பு நீரோ இரத்த அழுத்தமோ உள்ளவர் யார்? நாற்பது வயது கடந்தவர் யார்? தாய் தந்தையரில் ஒருவருக்குச் சிறுநீரக நோய் இருந்த குடும்பமா? இவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது மூன்று சோதனைகள் வேண்டும். ஒன்று, சிறுநீரில் அல்புமின். இரண்டு, இரத்தத்தில் கிரியாட்டினின். அதைக் கொண்டு சிறுநீரகத்தின் வேலைத்திறனைக் கணக்கிடுவார்கள். மூன்று, இரத்த அழுத்தம். அரசாங்கக் கிளினிக்கில் இதற்குக் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் கட்டணம். அரசாங்க உதவித் தொகை பெறும் குடும்பங்களில் 40 வயது கடந்தவர்கள், 2019-ல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தின்கீழ் இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம்.

சோதனை முடிந்ததும் "எல்லாம் ஓகே" என்ற சொல்லோடு திரும்பிவிடாதீர்கள். "என் சிறுநீரில் புரதம் போகிறதா? சிறுநீரகம் எத்தனை விழுக்காடு வேலை செய்கிறது? போன முறையைவிடக் குறைந்திருக்கிறதா?" என்று கேட்டு, விடையைக் கிளினிக் புத்தகத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். படிக்கிற பிள்ளையைத் துணைக்கு அழைத்துப் போனால் இன்னும் நல்லது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் எல்லாருடைய மருந்து நாளையும் நினைவில் வைத்திருப்பவர்கள் நீங்கள். உங்கள் சோதனையை மட்டும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போடுகிறீர்கள். இம்முறை கணவருக்கு மருந்து வாங்கக் கிளினிக் போகும்போது, உங்கள் அடையாள அட்டையையும் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நடையில் இருவருக்கும் பார்த்துவிடலாம்.